பட்டம் பெற்ற பின்னும் தொடர்ந்த சங்கம்

அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தில் உள்ள லூயிவில் நகரில், 1911 ஏப்ரல் 11 அன்று, கல்லூரிப் படிப்பை முடித்த கறுப்பின ஆண்கள் சிலர் ஆல்ஃபா லாம்டா என்ற பெயரில் ஒரு கிளையைத் தொடங்கினார்கள். அவர்கள் சார்ந்திருந்த ஆல்ஃபா ஃபை ஆல்ஃபா என்ற சகோதரச் சங்கத்துக்கு அப்போது ஐந்து வயதுகூட நிறையவில்லை. அமெரிக்கக் கல்லூரிகளில் கிரேக்க எழுத்துகளைப் பெயராகச் சூடிக்கொண்ட மாணவர் சங்கங்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே வேரூன்றியவை. வெள்ளை மாணவர்களின் சங்கங்களில் உறுப்பினருக்கும் சங்கத்துக்கும் உள்ள நெருக்கம் பெரும்பாலும் கல்லூரியோடு முடிந்துவிடும். பிறகு மிஞ்சுவது பழைய நட்பும் அவ்வப்போது அனுப்பும் நன்கொடையும்தான். லூயிவில்லில் தொடங்கியது வேறு வகை. அது படிப்பை முடித்து, வேலை தேடி ஒரு நகரில் குடியேறியவர்களுக்கான கிளை. சந்தா கட்டி, மாதந்தோறும் கூடி, அந்த ஊரின் காரியங்களில் இறங்கி, சாகும்வரை தொடரும் உறுப்பினர் வாழ்வு அது. கறுப்பினச் சகோதரச் சங்கங்களின் வரலாற்றில் கல்லூரிக் கிளை வாசல் என்றால், வீடு பட்டதாரிக் கிளைதான் என்பது என் வாதம். ஆனால் அந்தக் கிளைகளைப் பற்றி எழுதப்பட்டவற்றில் பெரும்பகுதி புகழ்பெற்ற உறுப்பினர்களின் பெயர்களை அடுக்குவதோடு நின்றுவிடுகிறது. அவற்றின் உண்மையான பங்கு போராட்டங்களுக்குத் தலைமை தாங்கியதில் இல்லை. ஒரு காரியம் ஓயும்போதும் கலையாமல் இருந்து, அடுத்த காரியத்துக்கு ஆளையும் பணத்தையும் இடத்தையும் தயாராக வைத்திருந்ததில்தான் அது இருக்கிறது.

சங்கம் பிறந்த கதையிலேயே இதற்கான காரணம் உண்டு. நியூயார்க் மாநிலத்தின் இதாகா நகரிலுள்ள கார்னெல் பல்கலைக்கழகத்தில் 1904-05ஆம் கல்வியாண்டில் படித்த கறுப்பின மாணவர்களில் ஆறு பேர் அடுத்த ஆண்டு திரும்பி வரவில்லை. தங்க இடமில்லாமல், சேர்ந்து படிக்க ஆளில்லாமல், ஒதுக்கப்பட்ட தனிமையில் படிப்பைத் தொடர்வது எவ்வளவு கடினம் என்பதை எஞ்சியவர்கள் கண்ணெதிரே கண்டார்கள். முதலில் ஒரு வாசிப்புக் குழுவாகக் கூடியவர்கள், நீண்ட விவாதத்துக்குப் பின் 1906 டிசம்பர் 4 அன்று சகோதரச் சங்கமாக மாறினார்கள். நிறுவனர்கள் ஏழு பேர். அவர்களது பிற்கால வாழ்க்கையைப் பார்த்தால் அடுத்த பிரச்சினை விளங்கும். ஹென்றி கேலிஸ் மருத்துவரானார். வெர்ட்னர் டாண்டி நியூயார்க்கில் கட்டடக் கலைஞரானார். ஜார்ஜ் கெல்லி பொறியாளர். நத்தானியல் மர்ரி வாஷிங்டனில் பள்ளி ஆசிரியர். யூஜின் கிங்கல் ஜோன்ஸ் லூயிவில்லில் சிறிது காலம் ஆசிரியராக இருந்துவிட்டு, 1911இல் தேசிய நகர்ப்புறக் கழகத்தின் பணிக்கு நியூயார்க் போனார். ஒரே கூரையின்கீழ் கூடியவர்கள் சில ஆண்டுகளுக்குள் திசைக்கொருவராகப் பிரிந்துபோனார்கள். 1900ஆம் ஆண்டு வாக்கில் கறுப்பினச் சமூகவியலறிஞர் டூ பாய்ஸ் எடுத்த கணக்கின்படி, நாடு முழுவதிலும் கறுப்பினக் கல்லூரிப் பட்டதாரிகள் சுமார் 2,500 பேர்தான். பெரிய நகரங்களில்கூடப் பட்டம் பெற்ற கறுப்பினத்தவரை எண்ணிவிடலாம். கல்லூரியில் தனிமையை விரட்டப் பிறந்த சங்கம், பட்டம் வாங்கியவன் போய்ச் சேரும் ஊரில் அவனைக் கைவிட்டால், பிறந்த நோக்கமே பாதியில் நின்றுவிடும்.

லூயிவில் எப்படிப்பட்ட ஊர் என்பதைக் கொஞ்சம் விரிவாகப் பார்ப்பது நல்லது. கென்டக்கி தெற்குக்கும் வடக்குக்கும் இடைப்பட்ட மாநிலம். ஆழ்தெற்கு மாநிலங்களில் கறுப்பினத்தவரின் வாக்குரிமை பறிக்கப்பட்டபோது, இங்கே அது பறிபோகவில்லை. ஆனால் 1904இல் நிறைவேறிய டே சட்டம், கறுப்பினத்தவரும் வெள்ளையரும் ஒரே பள்ளியில், கல்லூரியில் படிப்பதைத் தடை செய்தது. இரு இனத்தவரையும் சேர்த்துப் படிக்க வைத்துவந்த பெரியா கல்லூரி தொடுத்த வழக்கில், 1908இல் உச்ச நீதிமன்றமும் மாநிலத்தின் பக்கமே நின்றது. லூயிவில்லில் அப்போது சுமார் 40,000 கறுப்பினத்தவர் வாழ்ந்தார்கள். அவர்களுக்கென ஒரு சிறிய மருத்துவமனை 1899இலும், கார்னெகி நன்கொடையில் கட்டிய ஒரு நூலகக் கிளை 1908இலும் தொடங்கப்பட்டிருந்தன. கடைகளும் அலுவலகங்களும் திரைப்பட அரங்குகளும் வால்நட் தெருவில் திரண்டிருந்தன. 1914இல் நகர மன்றம், எந்தத் தெருவில் எந்த இனத்தவர் குடியிருக்கலாம் என்று வரையறுக்கும் விதியைக் கொண்டுவந்தது. ஊர்க்காரர்கள் வழக்குக்கு ஏற்பாடு செய்தார்கள். 1917இல் உச்ச நீதிமன்றம் அந்த விதியைச் செல்லாததாக்கியது. இப்படிப்பட்ட நகரில் ஒரு கறுப்பின மருத்துவரை வெள்ளை மருத்துவர் சங்கம் சேர்த்துக்கொள்ளாது. வழக்கறிஞருக்கும் அதே கதிதான். தொழில் சார்ந்த கூட்டத்துக்கும் இடமில்லை, ஊர்க் காரியம் பேசவும் பொது அரங்கில்லை. அந்த வெற்றிடத்தில்தான் பட்டதாரிக் கிளை வந்து அமர்ந்தது. தேவாலயம் ஞாயிறு தோறும் எல்லோரையும் கூட்டியது. பிரின்ஸ் ஹால் மேசன்கள் போன்ற பழைய சகோதர அமைப்புகள் தொழிலாளிகளையும் சேர்த்துப் பெருந்திரளாக இருந்தன. பட்டதாரிக் கிளை இவை இரண்டையும்விடச் சிறியது. ஆனால் படித்தவர்கள் ஒரு திட்டத்தை எழுதி, கணக்குப் போட்டு, ஆண்டுக்கணக்கில் பின்தொடரக்கூடிய இடமாக அது இருந்தது.

லூயிவில்லைத் தொடர்ந்து பிற நகரங்களிலும் லாம்டா என்று முடியும் பெயர்களோடு கிளைகள் எழுந்தன: டெட்ராயிட், பால்டிமோர், செயின்ட் லூயிஸ், அட்லாண்டா, வாஷிங்டன். அவற்றின் அன்றாட வேலை ஆடம்பரமற்றது. உறுப்பினர்களின் வீட்டு முற்றங்களிலும் தேவாலயக் கூடங்களிலும் கூட்டம், மாநாட்டுக்கு வரும் வெளியூர்ச் சகோதரர்களுக்கு ஹோட்டல்கள் அறை தர மறுத்ததால், உள்ளூர் வீடுகளில் படுக்கை ஏற்பாடு, மாணவர்களுக்கு உதவித்தொகை. முதல் உலகப் போர் முடிந்த கையோடு, ‘உயர்நிலைப் பள்ளிக்குப் போ, கல்லூரிக்குப் போ’ என்ற இயக்கம் தொடங்கி 1920களில் பரவியது. இன்றைய வாசகருக்கு இது எளிய அறிவுரையாகத் தோன்றலாம். அன்றைய தெற்கில் அது அப்படிப்பட்டதல்ல. ஜார்ஜியா மாநிலத்தின் அகஸ்டா நகரில் இருந்த ஒரே கறுப்பினப் பொது உயர்நிலைப் பள்ளியை மூடியதை, 1899இல் உச்ச நீதிமன்றமே அனுமதித்துவிட்டது. அட்லாண்டாவின் முதல் கறுப்பினப் பொது உயர்நிலைப் பள்ளி 1924இல்தான் திறந்தது. பள்ளியே இல்லாத ஊரில் ‘பள்ளிக்குப் போ’ என்று சொல்வது, பள்ளியைக் கட்டு என்று நகராட்சியைக் கேட்பதிலேயே போய் முடியும். கிளை உறுப்பினர்கள் பள்ளிகளுக்கும் தேவாலயங்களுக்கும் போய்ப் பேசினார்கள், துண்டறிக்கை கொடுத்தார்கள், பெற்றோரைச் சந்தித்தார்கள். 1930களில் அதே பாதையில் வாக்குரிமை இயக்கம் வந்தது: வாக்கற்ற மக்கள் நம்பிக்கையற்ற மக்கள் என்ற முழக்கம். தேசியத் தலைமை முழக்கத்தைத் தரலாம். ஒரு ஊரின் வாக்காளர் பதிவு அலுவலகத்துக்கு ஆட்களை அழைத்துப் போக அந்த ஊர்க்காரன்தான் வேண்டும்.

ஊர் அளவிலான அரசியல் ஏன் முக்கியம் என்பதை இரண்டு நகரங்கள் காட்டுகின்றன. அட்லாண்டாவில் 1919இல் பள்ளிகளுக்கான கடன்பத்திர முன்மொழிவைக் கறுப்பின வாக்காளர்கள் தோற்கடித்தார்கள். தங்கள் குழந்தைகளுக்கு உயர்நிலைப் பள்ளி உறுதியாகாமல் வாக்கு இல்லை என்றார்கள். பின்னர் வந்த முன்மொழிவுக்கு அந்த உறுதி கிடைத்த பிறகே ஆதரவு தந்தார்கள். அதில் எழுந்ததுதான் 1924இல் திறந்த புக்கர் டி. வாஷிங்டன் பள்ளி. லூயிவில்லிலும் அதே உத்திதான். 1920இல் லூயிவில் பல்கலைக்கழகத்துக்கான கடன்பத்திர முன்மொழிவு கறுப்பின வாக்குகளால் விழுந்தது, ஏனென்றால் அவர்களை அந்தப் பல்கலைக்கழகம் சேர்த்துக்கொள்ளவே இல்லை. 1925இல் 1,00,000 டாலர் கறுப்பினத்தவரின் உயர்கல்விக்கு ஒதுக்கப்படும் என்ற வாக்குறுதியோடு மீண்டும் வந்தபோது நிறைவேறியது. 1931இல் லூயிவில் முனிசிபல் கல்லூரி திறந்தது. அதன் முதல் முதல்வர் ரூஃபஸ் கிளெமென்ட், ஆல்ஃபா ஃபை ஆல்ஃபாவைச் சேர்ந்தவர். 1937இல் அவர் அட்லாண்டா பல்கலைக்கழகத்தின் தலைவராகப் போனார். 1953இல் அட்லாண்டா நகரக் கல்விக் குழுவுக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். இந்த வெற்றிகளைக் கிளைகளின் கணக்கில் எழுதிவிடக் கூடாது. தேசியக் கறுப்பின முன்னேற்றக் கழகமான என்.ஏ.ஏ.சி.பி., தேவாலயங்கள், பத்திரிகைகள், மேசன்கள் போன்ற சகோதர அமைப்புகளின் கிளைகளான லாட்ஜுகள் எல்லாம் சேர்ந்து செய்தவை அவை. நான் சொல்ல வருவது வேறு: ஓர் ஊரில் தேர்தல் நுணுக்கம் கற்ற மனிதர் இன்னோர் ஊருக்குப் போகும்போது, அங்கே அவரை அறிந்து வரவேற்கும் ஒரு வட்டம் முன்கூட்டியே காத்திருந்தது. கிளெமென்ட்டுக்கு அட்லாண்டாவில் அந்நியராக நிற்கும் நிலை வரவில்லை. குடிபெயர்ச்சி மிகுந்த ஒரு வகுப்புக்கு இதைவிடப் பெரிய வசதி அரிது.

நீதிமன்றங்களில் நடந்த போராட்டத்தைப் பார்த்தால் பணத்தின் பங்கு தெளிவாகும். டொனால்ட் மர்ரி என்ற பட்டதாரியை, நிறத்தைக் காரணம் காட்டி, மேரிலாந்துப் பல்கலைக்கழகச் சட்டக் கல்லூரி 1935இல் மறுத்தது. வழக்கை முதலில் கையிலெடுக்க முனைந்தது ஆல்ஃபா ஃபை ஆல்ஃபா. அதன் சட்ட அறிஞர் பெல்ஃபோர்ட் லாசன். என்.ஏ.ஏ.சி.பி. சார்பில் வாதாடிய சார்ல்ஸ் ஹூஸ்டனும் இளம் தர்குட் மார்ஷலும் அதே சங்கத்தவர்கள். 1935 ஜூனில் பால்டிமோர் நீதிபதி மர்ரியைச் சேர்க்க உத்தரவிட்டார். 1936 ஜனவரியில் மாநில மேல்முறையீட்டு மன்றம் அதை உறுதி செய்தது. ஆறு ஆண்டு கழித்து, 1942இல், ரயிலில் பயணம் செய்த எல்மர் ஹெண்டர்சனுக்கு உணவுப் பெட்டியில் உட்கார இடம் மறுக்கப்பட்டது. அந்த வழக்குக்கும் சங்கம் பொருளுதவி செய்தது, வாதாடியவர் லாசன். 1950 ஜூன் 5 அன்று உச்ச நீதிமன்றம் ஹெண்டர்சன் பக்கம் தீர்ப்பளித்தது. எட்டு ஆண்டுகள் நீண்ட ஒரு வழக்கை நடத்தும் பணம் ஒரே நாளில் வசூலான பணமல்ல. அது ஆயிரக்கணக்கான ஆசிரியர்களும் அஞ்சல் ஊழியர்களும் மருத்துவர்களும் கட்டிய சந்தாவிலிருந்து சேர்ந்தது. தீர்ப்புகளின் வரலாறு வழக்கறிஞர்களின் பெயர்களை நினைவில் வைத்திருக்கிறது. அந்தச் சந்தாவைப் பொறுமையாக வசூலித்த பொருளாளர்களை அது மறந்துவிட்டது. இது வரலாற்றெழுத்தின் பெரிய குறை என்றே கருதுகிறேன்.

வேறு சங்கங்களிலும் இதே அமைப்பு வேலை செய்ததைக் காணலாம். 1911இல் ஹோவர்டு பல்கலைக்கழகத்தில் பிறந்த ஒமேகா சை ஃபை, வரலாற்றறிஞர் கார்ட்டர் வுட்சனின் வற்புறுத்தலுக்குச் செவிசாய்த்து, 1924இல் கறுப்பின வரலாறும் இலக்கியமும் பற்றிய ஒரு வாரத்தைக் கொண்டாடத் தொடங்கியது. 1926இல் வுட்சன் தானே கறுப்பின வரலாற்று வாரத்தைத் தொடங்கினார். இன்று அது பிப்ரவரி மாதம் முழுவதற்குமானது. 1911இலேயே இண்டியானாவில் பிறந்த காப்பா ஆல்ஃபா சையும் 1914இல் ஹோவர்டில் பிறந்த ஃபை பீட்டா சிக்மாவும் வெவ்வேறு அழுத்தங்களோடு அதே பாதையில் நடந்தன. 1930இல் இவற்றுக்கெல்லாம் பொதுவான ஒரு கூட்டமைப்பும் உருவானது.

இந்த வாதத்துக்கு எதிரான முதல் குற்றச்சாட்டு பழையது, கனமானது: இவை மேட்டுக்குடியினரின் கூடாரங்கள். பட்டம் இல்லாதவருக்கு வாசல் மூடியிருந்தது. சமூகவியலறிஞர் இ. ஃபிராங்க்ளின் ஃபிரேசியர் 1955இல் பிரெஞ்சிலும் 1957இல் ஆங்கிலத்திலும் வெளியான ‘கறுப்பு நடுத்தர வர்க்கம்’ என்ற நூலில், இந்த வகுப்பினரின் விருந்துகளையும் மாநாட்டு ஆடம்பரத்தையும் கடுமையாகச் சாடினார். தங்கள் பொருளாதார வலுவின்மையை மறக்க ஒரு கற்பனை உலகைக் கட்டிக்கொண்டார்கள் என்றார். இன்னும் ஆழமான விமர்சனம் உள்ளிருந்தே வந்தது. 1903இல் ‘திறமை மிக்க பத்தில் ஒருவர்’ சமுதாயத்தை வழிநடத்துவார்கள் என்ற கருத்தை முன்வைத்த டூ பாய்ஸ், 1948இல் சிக்மா பை ஃபை என்ற கறுப்பின மேல்தட்டு அமைப்பின் கூட்டத்தில் பேசும்போது, தான் அந்த வகுப்பை அளவுக்கு மீறி நம்பிவிட்டதாகவும், தன்னலம் அதைத் தின்றுவிடக்கூடும் என்றும் சொன்னார். இதை மறுக்க வழியில்லை, மறுக்கவும் வேண்டாம். நிறத்தின் அடர்த்தியை வைத்து ஆள் பார்த்த சில வட்டங்களும் இருந்தன. தையல்காரரும் கூலித் தொழிலாளியும் சம உரிமையோடு உட்கார்ந்த லாட்ஜுகள் சமூகப் பரப்பில் கிளைகளைவிட ஒரு படி மேலானவைதாம். ஆனால் குறுகிய உறுப்பினர் தகுதியையும் செயல்பாட்டையும் ஒன்றாகக் குழப்பக் கூடாது. ஃபிரேசியர் கண்ட விருந்து மண்டபம் உண்மை. அதே சங்கம் ஹெண்டர்சன் வழக்கை நடத்தியதும் உண்மை. எந்தக் கிளை எந்தப் பக்கம் சாய்ந்தது என்பது ஊருக்கு ஊர் மாறுபட்டது. அதனால்தான் இந்த வரலாற்றைத் தேசிய அளவில் ஒரே வரியில் எழுதிவிட முடியாது. ஊர் ஊராகப் பார்க்க வேண்டியிருக்கிறது.

இரண்டாவது குற்றச்சாட்டு 1950, 60களைச் சுட்டுகிறது. அலபாமா மாநிலத்தின் மாண்ட்கோமரி நகரில், இனப் பிரிவினையை எதிர்த்து நடந்த பேருந்துப் புறக்கணிப்பின் பின்னணியில் நின்றது மகளிர் அரசியல் மன்றமும் ரயில் ஊழியர் சங்கத்தின் இ. டி. நிக்சனும். 1961இல் லூயிவில்லின் உணவகங்களிலும் கடைகளிலும் உட்கார்ந்து போராடியவர்களில் பெரும்பாலோர் உயர்நிலைப் பள்ளி மாணவர்கள். ஈஸ்டருக்குப் புத்தாடை வாங்காதீர்கள் என்ற கடைப் புறக்கணிப்பு ஊரையே உலுக்கியது. 1963இல் பொது இடங்களில் பாகுபாட்டைத் தடை செய்யும் விதியை அந்த நகரம் இயற்றியது. ஐம்பதாண்டு வயதான பட்டதாரிக் கிளை அந்த முன்வரிசையில் அமைப்பாக நிற்கவில்லை என்று சொல்லலாம். ஆம், வேலையை இழக்க அஞ்சிய ஆசிரியர்களும், வெள்ளையர் வங்கிகளை நம்பியிருந்த வியாபாரிகளும் பலர் பின்வாங்கினார்கள். ஆனாலும் முன்வரிசையில் நின்றவரை மட்டும் அளவுகோலாக வைத்தால், ஒரு போராட்டம் எதைக் கொண்டு நடக்கிறது என்பது கண்ணில் படாது. கைதான மாணவருக்குப் பிணைத்தொகை வேண்டும், வழக்கறிஞர் வேண்டும், கல்லூரியிலிருந்து நீக்கப்பட்டால் வேறிடத்தில் சேர உதவி வேண்டும். முன்னே போகிறவருக்கும் பின்னே தாங்கி நிற்பவருக்கும் இடையிலான வேலைப் பிரிவினை இது. மார்ட்டின் லூதர் கிங் 1952 ஜூனில் பாஸ்டனில் ஆராய்ச்சி மாணவராக இருந்தபோது ஆல்ஃபா ஃபை ஆல்ஃபாவில் சேர்ந்தார். அவரைத் தலைவராக்கியது சங்கமல்ல; மாண்ட்கோமரியின் சமையல்காரப் பெண்களும் நடந்தே வேலைக்குப் போன தொழிலாளிகளும்தான். இந்த வரிசையை மாற்றி எழுதும் கிளை வரலாறுகளை நான் ஏற்பதில்லை.

பாகுபாடு சட்டப்படி ஒழிந்த பிறகு இந்தக் கிளைகளுக்கு என்ன வேலை என்ற கேள்வி அடுத்து எழுகிறது. லூயிவில் முனிசிபல் கல்லூரி 1951இல் மூடப்பட்டது. அதன் ஆசிரியர்களில் சமூகவியலறிஞர் சார்ல்ஸ் பாரிஷ் ஒருவரையே லூயிவில் பல்கலைக்கழகம் தன் ஆசிரியர் குழுவில் சேர்த்துக்கொண்டது. வால்நட் தெருவின் கடைகளை 1960களின் நகரச் சீரமைப்பு இடித்துத் தள்ளியது. ஒன்றுகலப்பு வந்தபோது கறுப்பினத்தவருக்கென இருந்த நிறுவனங்கள் பல கலைந்தன. பட்டதாரிக் கிளைகள் கலையவில்லை. அவை ஒரு கட்டடத்தையோ ஒரு கல்லூரியையோ சார்ந்து நிற்காததே அதற்குக் காரணம் என்பது என் கணிப்பு. சிகாகோவின் பட்டதாரிக் கிளை ஒன்று 1980இல் பதின்வயதுச் சிறுவர்களுக்காகத் தொடங்கிய விழிப்புணர்வுத் திட்டம் நாடெங்கும் பரவியது. அதே காலத்தில் இன்னொரு சுமையும் அவற்றின் தோளில் ஏறியது. கல்லூரிக் கிளைகளில் புதியவர்களை வதைக்கும் பழக்கம் உயிர்களைப் பறித்தது. 1989இல் மோர்ஹவுஸ் கல்லூரியில் ஒரு மாணவர் இறந்தார். 1990இல் சங்கங்கள் சேர்ந்து பழைய சேர்க்கை முறையைக் கைவிட்டன. மாணவர் கிளைகளைக் கண்காணிக்கும் பொறுப்பு பட்டதாரிகளிடம் வந்தது. தடையை மீறி வதை மறைவில் தொடர்ந்தது என்பதே கசப்பான உண்மை. மூத்தவர்களில் பலர் தாங்கள் பட்ட அடியையே பெருமையாகப் பேசியவர்கள். அவர்களைக் காவலாளிகளாக வைத்தால் இப்படித்தான் ஆகும். இந்தக் கிளைகளின் வரலாற்றிலேயே மிகவும் தோற்ற பகுதி இதுதான். இங்கே விடாத்தொடர்ச்சி என்ற அவற்றின் பலமே கெட்ட வழக்கத்தையும் தலைமுறை தாண்டிக் கடத்தியது.

ஆனால் அதே தொடர்ச்சியின் மறுமுகம் வாஷிங்டனில் நிற்கிறது. கிங்குக்குத் தலைநகரில் ஒரு நினைவிடம் வேண்டும் என்ற யோசனையை 1984இல் சங்கத்தின் உறுப்பினர்கள் சிலர் முன்வைத்தார்கள். 1996இல் நாடாளுமன்றம் அனுமதி அளித்தது. சுமார் 12 கோடி டாலர் திரட்டப்பட்டு, 2011 அக்டோபர் 16 அன்று அது திறந்துவைக்கப்பட்டது. 27 ஆண்டுகளில் ஜனாதிபதிகள் மாறினார்கள். தொடங்கியவர்களில் சிலர் முதுமை எய்தினார்கள். கோரிக்கை மட்டும் மாறவில்லை.

இந்த வரலாற்றை எழுத நமக்கு இருக்கும் ஆதாரங்களில் முதன்மையானது சார்ல்ஸ் வெஸ்லி 1929இல் எழுதிப் பலமுறை விரித்த சங்க வரலாறு. அவர் நேர்த்தியான வரலாற்றறிஞர். சங்கத்தின் தேசியத் தலைவராகவும் இருந்தவர். உள்ளிருந்து எழுதியவருக்கு மாநாடுகளும் தீர்மானங்களும் பெரிதாகத் தெரிந்தன. 1914 முதல் வந்த சங்கத்தின் இதழான ‘தி ஸ்ஃபிங்ஸ்’ கிளைச் செய்திகளைத் தந்தாலும், அவை பெரும்பாலும் கிளைகளே தம்மைப் பற்றி எழுதி அனுப்பியவை. அவற்றில் தோல்விக்கு இடமில்லை. இந்தக் குரலைச் சரிபார்க்க வெளியிலிருந்து வந்த குரல்கள் வேண்டும். லூயிவில்லுக்கு 1917 முதல் 1950 வரை வெளிவந்த ‘லூயிவில் லீடர்’ என்ற கறுப்பினச் செய்தித்தாள் இருக்கிறது. 1933இல் தொடங்கிய ‘லூயிவில் டிஃபெண்டர்’ இருக்கிறது. அவற்றின் பக்கங்களில் யார் எந்தக் குழுவில் இருந்தார், எந்தத் தேர்தலில் எந்தப் பக்கம் நின்றார், எந்த விருந்துக்கு எவ்வளவு செலவானது என்று தேடலாம். இதைவிடவும் மதிப்புமிக்கவை கிளைகளின் மினிட்ஸ் புத்தகங்களும் பொருளாளர் ஏடுகளும்தான். 1919இல் உதவித்தொகைக்கு ஒதுக்கியது எவ்வளவு, ஆண்டு நடனத்துக்கு ஒதுக்கியது எவ்வளவு என்ற இரண்டு தொகைகளை ஒரு கிளையின் ஏட்டில் பக்கம் பக்கமாக வைத்துப் பார்த்தால், ஃபிரேசியருக்கும் கிளையின் ஆதரவாளர்களுக்கும் இடையிலான வழக்கை அந்த ஊரளவிலாவது தீர்க்க முடியும். அந்த ஏடுகளில் பல, காலமான செயலாளர்களின் குடும்பத்தார் வீடுகளில், பரண்களிலும் நிலவறைகளிலும் கிடக்கின்றன.